விற்க வேண்டிய அவசியம் வராத பணம்

2020 மார்ச் மூன்றாவது வாரம். இரவு பத்தரை மணி இருக்கும், சித்தி மகன் போன் செய்தான். "அண்ணா, எல்லாத்தையும் வித்துடட்டுமா?" குரலே சரியாக இல்லை. எட்டு வருடமாக மாதாமாதம் ஓர் இண்டெக்ஸ் ஃபண்டில் (சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் நிதி) போட்டு வந்தவன். நான்கே வாரத்தில் அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கரைந்திருந்தது. இது எங்கே போய் நிற்கும், எப்போது திரும்பும் என்றெல்லாம் கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை, அன்றைக்கு யாரிடமும் இல்லை. நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "இந்தப் பணம் உனக்கு எப்ப வேணும்?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னான். "அதுல ஒரு பகுதி ஜூன்ல பெரியவனோட காலேஜ் ஃபீஸுக்குண்ணா."

"அந்தப் பகுதியை நாளைக்கே எடுத்துடு. மத்ததைத் தொடாத."

சந்தை விழும்போது விற்காதே என்பது நீண்டகால முதலீட்டாளருக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை. நானும் அதை நம்புகிறேன். ஆனாலும் அன்று ஒரு பகுதியை விற்கச் சொன்னேன். ஜூனில் கட்ட வேண்டிய பணம் நீண்டகாலப் பணமே கிடையாது. மற்றதோடு ஒரே கணக்கில் கிடந்ததால் அதுவும் நீண்டகால முதலீடு போலத் தெரிந்தது, அவ்வளவுதான். பிறகு சந்தை வேகமாக எழுந்தது. ஜூன் வரை காத்திருந்தால் அவனுக்குக் கூடுதலாகவே கிடைத்திருக்கும். அது தெரிந்த பிறகும், இன்று அதே நிலைமையில் ஒருவர் கேட்டால் அதே பதிலைத்தான் சொல்வேன். 2008 அக்டோபரில் இதே கேள்வியைக் கேட்டு, 'பொறு, வந்துவிடும்' என்ற பதிலோடு போனவர்கள், அடுத்த ஐந்து மாதம் சந்தை இன்னும் கீழே இறங்குவதைத்தான் பார்த்தார்கள். மூன்று மாதத்தில் கட்ட வேண்டிய ஃபீஸை வைத்துக்கொண்டு அப்படிப் பார்க்க முடியாது.

சந்தையில் நிலைத்திருப்பதை மனத்திடத்தின் விஷயமாகவே பேசிப் பழகிவிட்டோம். நான் பார்த்தவரை அது பாதிதான். விழுகிற நாளில் ஒருவர் விற்பாரா மாட்டாரா என்பது அதற்கு ஓரிரு வருடம் முன்பே, எந்தப் பணத்தை எங்கே வைப்பது என்று முடிவெடுத்த அன்றே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது.

எவ்வளவு விழும்?

நீண்ட வரலாறு உள்ளது என்பதால் அமெரிக்காவின் சுமார் 500 பெரிய கம்பெனிகளின் பங்கு விலையைக் காட்டும் எஸ் அண்ட் பி 500 குறியீட்டை எடுத்துக்கொள்வோம். 1980-க்குப் பிறகு, ஓர் ஆண்டுக்குள் உச்சத்திலிருந்து பள்ளத்துக்கு அது சராசரியாக 14 சதவீதம் அளவுக்குச் சறுக்கியிருக்கிறது. அப்படியும் ஏறக்குறைய நான்கில் மூன்று ஆண்டுகள் ஏற்றத்தில்தான் முடிந்திருக்கின்றன. 'நல்ல வருஷம்' என்று பின்னால் பெயர் வாங்குகிற ஆண்டுக்குள்ளும் வயிற்றைக் கலக்கும் சில வாரங்கள் இருந்திருக்கின்றன. பத்து, பதினைந்து சதவீத இறக்கத்தைப் பார்த்து 'ஏதோ நடக்கக் கூடாதது நடந்துவிட்டது' என்று நினைப்பவர், பங்குச் சந்தையின் சாதாரண சுபாவத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பெரிய வீழ்ச்சிகள் வேறு வகை. 1987 அக்டோபர் 19, திங்கட்கிழமை: அமெரிக்காவின் இன்னொரு குறியீடான டவ் ஜோன்ஸ் ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. தொழில்நுட்பப் பங்குகள் நிறைந்த நாஸ்டாக் குறியீடு 2000 மார்ச் உச்சத்திலிருந்து 2002 அக்டோபருக்குள் 78 சதவீதம் இழந்தது, பழைய உச்சத்தை மீண்டும் தொட 2015 ஆனது. 2007 அக்டோபர் முதல் 2009 மார்ச் வரை எஸ் அண்ட் பி 500 சுமார் 57 சதவீதம் சரிந்தது. சென்செக்ஸும் அதே காலத்தில் 20,800-க்கு மேல் இருந்து 8,200-க்குக் கீழே வந்தது.

இந்த 57 சதவீதத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 100 ஆக இருந்தது 43 ஆகிறது. அந்த 43 மீண்டும் 100 ஆக வேண்டுமானால் சுமார் 133 சதவீதம் ஏற வேண்டும். அதற்கு 2013 மார்ச் வரை, பள்ளத்திலிருந்து நான்கு ஆண்டும் உச்சத்திலிருந்து ஐந்தரை ஆண்டும் ஆனது. 2020-ல் நடந்ததோ வேறு: பிப்ரவரி 19-லிருந்து மார்ச் 23-க்குள் 34 சதவீதம் விழுந்து, ஆகஸ்ட் மாதமே பழைய உச்சத்தைத் தொட்டுவிட்டது. ஒன்றுக்கு ஐந்தரை ஆண்டு, இன்னொன்றுக்கு ஆறு மாதம். உள்ளே இருக்கும்போது எது எந்த ரகம் என்று தெரியாது. எனவே திட்டம் போடுகிறவர் ஐந்தரை ஆண்டை மனத்தில் வைத்துத்தான் போட வேண்டும்.

ஏன் இவ்வளவு வேகம்?

ஒரு கம்பெனியின் பங்கு, ஆண்டு லாபத்தைப்போல் 20 மடங்கு விலைக்குக் கைமாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏதோ ஒரு நெருக்கடியால் அதன் ஓர் ஆண்டு லாபம் முழுவதுமே போய்விட்டது, அடுத்த ஆண்டு பழையபடி ஆகிவிடும். கணக்குப்படி அதன் மதிப்பில் போனது இருபதில் ஒரு பங்கு, 5 சதவீதம். ஆனால் அந்த மாதிரி நேரத்தில் விலை 30, 40 சதவீதம் விழுகிறது. மீதி எங்கிருந்து வருகிறது?

ஒரு பகுதி, 'அடுத்த ஆண்டு பழையபடி ஆகும்' என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாததால் வருகிறது. அந்தச் சந்தேகம் நியாயமானதே. 2008-ல் பல வங்கிகளுக்கு அந்த அடுத்த ஆண்டு வரவே இல்லை. மற்றொரு பகுதி, விற்றே ஆக வேண்டியவர்களால் வருகிறது. கடன் வாங்கிப் பங்கு வாங்கியவர்களுக்கு விலை இறங்க இறங்க மார்ஜின், அதாவது ஈடாகக் கூடுதல் பணம், கேட்டு அழைப்பு வரும். பணம் கட்ட முடியாதபோது, அவர்களைக் கேட்காமலே பங்கு விற்கப்படும். அந்த விற்பனை விலையை இன்னும் இறக்கும், அது அடுத்தவருக்கு அழைப்பைக் கொண்டுவரும். மியூச்சுவல் ஃபண்டிலும் இதே கதைதான். முதலீட்டாளர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டால், மேலாளர் விலை பிடிக்கவில்லை என்று உட்கார்ந்திருக்க முடியாது. 1987-ல், விலை இறங்கினால் விற்கச் சொல்லும் 'போர்ட்ஃபோலியோ இன்சூரன்ஸ்' என்ற ஏற்பாடு பெரிய நிறுவனங்களிடம் பரவியிருந்தது. இறக்கம் விற்பனையை வரவழைத்தது, விற்பனை இறக்கத்தை வரவழைத்தது. 2020 மார்ச்சில் கையில் காசு வேண்டும் என்ற தேவை எவ்வளவு கடுமையாக இருந்தது என்றால், தங்கத்தையும் அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களையும்கூட விற்றுத் தள்ளினார்கள்.

அந்த மாதிரி நாள்களில் திரையில் தெரியும் விலை, கம்பெனிகளின் தரத்தைச் சொல்வதைவிட, யாருக்கு எவ்வளவு அவசரமாகப் பணம் தேவை என்பதையே அதிகம் சொல்கிறது. அவசரமில்லாதவர் அந்த விலைக்கு ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. நீண்டகால முதலீட்டாளரின் கையில் இருக்கும் ஒரே பெரிய சாதகம் இதுதான். அடுத்த மாதமே பணம் தேவைப்படும் நிலையில் இருந்தால் அதையும் இழந்துவிடுகிறார்.

ஒரு நாளைக்கு எத்தனை முறை?

நஷ்டம் தரும் வலி, அதே அளவு லாபம் தரும் மகிழ்ச்சியைவிடப் பெரியது என்று டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-ல் எழுதினார்கள். பின்னர் 1992-ல் அவர்கள் கணித்தபடி அந்த வலி இரண்டு மடங்குக்கும் சற்று அதிகம். 1995-ல் ஷ்லோமோ பெனார்ட்ஸி, ரிச்சர்ட் தேலர் இருவரும் இதை முதலீட்டுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். ஒருவர் தன் முதலீட்டை எத்தனை நாளைக்கு ஒரு முறை பார்க்கிறார் என்பதைப் பொறுத்து, அதே பங்குகள் தாங்கக்கூடியவையாகவோ தாங்க முடியாதவையாகவோ மாறிவிடும் என்பது அவர்கள் வாதம்.

இதை விரல் விட்டே எண்ணிப் பார்க்கலாம். எஸ் அண்ட் பி 500 ஏறிய நாள்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 53. தினமும் பார்க்கிறவருக்கு நூறு நாளில் 53 மகிழ்ச்சி, 47 வலி. ஒவ்வொரு வலியும் இரண்டு மடங்கு கனம் என்றால், ஒரு தட்டில் 53, மறு தட்டில் 94. பணம் வளர்ந்துகொண்டிருக்கும்போதே இந்த மனிதர் நொந்துகொண்டிருப்பார். ஆண்டுக்கு ஒரு முறை பார்க்கிறவருக்கு நூறு பார்வையில் சுமார் 75 மகிழ்ச்சி, 25 வலி. இரண்டு மடங்கு கனம் போட்டாலும் 75-க்கு எதிரே 50. ஏற்ற இறக்கத்தின் அளவை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை, இது தோராயமான கணக்குதான். ஆனால் பங்கும் அதே, ஆளும் அதே. பார்க்கும் இடைவெளி மாறியதும் அனுபவமே தலைகீழாகிவிட்டது.

சித்தி மகனிடம் அப்புறம் பேசும்போதுதான் தெரிந்தது, அந்த மார்ச் மாதத்தில் அவன் காலையில் கண் விழித்ததும், சாப்பிடும்போதும், படுக்கப்போகும் முன்பும் அந்த ஆப்பைத் திறந்து பார்த்திருக்கிறான். அவனுடைய ஃபண்டின் விலை நாளுக்கு ஒரு முறைதான் மாறும். மாறாத எண்ணைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறான். எனக்கு அதைக் கேட்டபோது மனம் கனத்தது. அவனுடைய பயம் எனக்குப் புரியாதது இல்லை; எட்டு வருடச் சேமிப்பு அது.

பார்ப்பது அதிகமானால் கையும் சும்மா இருக்காது. பிராட் பார்பர், டெரன்ஸ் ஓடியன் இருவரும் 1991 முதல் 1996 வரை ஒரு தரகு நிறுவனத்தின் 66,465 குடும்பங்களின் கணக்குகளை ஆராய்ந்தார்கள். சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் தந்த அந்தக் காலத்தில், மிக அதிகமாக வாங்கி விற்றவர்களுக்குக் கிடைத்தது 11.4 சதவீதம். விலைகள் ஏறிக்கொண்டிருந்த காளைச் சந்தையிலேயே இப்படி.

வெளியே போனால் உள்ளே எப்போது?

'இப்போது விற்றுவிட்டு, அடங்கியதும் வாங்கிக்கொள்கிறேன்' என்பது கேட்க ஒரு முடிவு மாதிரி இருக்கும். உண்மையில் அது இரண்டு முடிவுகள், இரண்டும் சரியாக அமைய வேண்டும். முதலாவதை எடுக்கப் பயம் துணைக்கு வரும். இரண்டாவதை எடுக்கவிடாமல் தடுப்பதும் அதே பயம்தான். சந்தை திரும்பும் நாளில் எந்த நல்ல செய்தியும் இருப்பதில்லை. 2009 மார்ச்சில் வேலையிழப்பு ஏறிக்கொண்டிருந்தது. 2020 மார்ச் 23-ல் உலகின் பெரும்பகுதி கதவடைத்துக் கிடந்தது. செய்தி நன்றாகட்டும் என்று காத்திருந்தவர்கள் விலை வெகுதூரம் ஏறிய பிறகே வந்தார்கள், சிலர் வரவே இல்லை.

'சிறந்த பத்து நாள்களைத் தவறவிட்டால் உங்கள் வருமானம் பாதியாகும்' என்று ஒரு கணக்கை நிதி நிறுவனங்கள் அடிக்கடி காட்டும். அதை அப்படியே ஏற்க எனக்கு மனமில்லை. மோசமான பத்து நாள்களைத் தவறவிட்டால் வருமானம் பல மடங்காகும் என்று அதே கணக்கைத் திருப்பியும் போடலாமே. அந்தக் கணக்கில் உருப்படியான விஷயம் வேறு ஒன்று: நல்ல நாளும் கெட்ட நாளும் தோளோடு தோள் உரசி வருகின்றன. 2020 மார்ச் 12 அன்று எஸ் அண்ட் பி 500 9.5 சதவீதம் விழுந்தது. மறுநாள் 9.3 சதவீதம் ஏறியது. வார இறுதி கழிந்து 16-ம் தேதி 12 சதவீதம் விழுந்தது. 24-ம் தேதி 9.4 சதவீதம் ஏறியது. 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் இறக்குமதி வரி அறிவிப்பால் இரண்டே நாளில் 10 சதவீதத்துக்கு மேல் விழுந்தது, அடுத்த புதன்கிழமை ஒரே நாளில் 9.5 சதவீதம் திரும்பியது. இந்த நெல்லையும் பதரையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்கும் முறம் யாரிடமும் இல்லை.

இன்னும் பல ஆண்டுகள் சம்பாதித்து முதலீடு செய்யப்போகிறவர்களுக்கு இறக்கம் வேறு ஒன்றையும் செய்கிறது. மாதம் 1,000 போடுகிற ஒருவர். எந்த நாட்டுப் பணமானாலும் சரி. ஃபண்டின் ஒரு பங்கான யூனிட்டின் விலை முதல் மாதம் 100, பிறகு 80, 50, 80, ஐந்தாம் மாதம் மீண்டும் 100. அவருக்குக் கிடைப்பது 10, 12.5, 20, 12.5, 10 என்று மொத்தம் 65 யூனிட். போட்டது 5,000, கையில் இருப்பது 6,500. சந்தை கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்கிறது, அவர் 30 சதவீதம் லாபத்தில் இருக்கிறார். அந்த லாபத்தில் பெரும்பங்கு, விலை 50 ஆக இருந்தபோது வாங்கிய 20 யூனிட்டில் இருக்கிறது. பயந்து நிறுத்தத் தோன்றும் மாதமும் அதுதான்.

எங்கே நிலைத்திருக்கக் கூடாது

இதையெல்லாம் சொல்லிவிட்டு, 'எதையும் விற்காமல் உட்கார்ந்திருந்தால் போதும்' என்று முடித்தால் அது நேர்மையாகாது. பழைய நிலைக்குத் திரும்பும் என்று நாம் சொல்வது பரந்த சந்தையைப் பற்றி. தனிக் கம்பெனிக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனம் 2001-ல் திவாலானது, லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கி 2008-ல் திவாலானது. அந்தப் பங்குகளைப் பொறுமையாக வைத்திருந்தவருக்குப் பொறுமையின் பலன் பூஜ்யம். குறியீட்டில் செத்த கம்பெனி வெளியேறும், புதியது உள்ளே வரும். ஒற்றைப் பங்கில் அப்படி மாற்றிவிட யாரும் இல்லை. எனவே ஒரு கம்பெனியின் பங்கு விழும்போது, 'இதை நான் வாங்கிய காரணம் இன்னும் உயிரோடு இருக்கிறதா?' என்று பார்த்தே ஆக வேண்டும். காரணம் போய்விட்டது என்றால், வாங்கிய விலை வரட்டும் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

முழுச் சந்தைக்கும் ஒரு கசப்பான உதாரணம் உண்டு. ஜப்பானின் நிக்கெய் 225 குறியீடு 1989-ன் கடைசி வர்த்தக நாளில் 38,915-ஐத் தொட்டது. அந்த உச்சத்தைத் தாண்டியது 2024 பிப்ரவரியில், 34 ஆண்டுகள் கழித்து. இடையில் 2009-ல் 7,100-க்கும் கீழே போனது. 1989-ல் ஜப்பானியப் பங்குகள் கம்பெனிகளின் லாபத்தைப்போல் 60 மடங்கை ஒட்டிய விலையில் இருந்தன. அவ்வளவு விலை கொடுத்தவர்களுக்கு நல்ல கம்பெனிகளும் உதவவில்லை. சிறுகச் சிறுகப் போட்டு வந்தவர்களின் நிலை இவ்வளவு மோசமில்லை, இறங்கிய விலைகளிலும் வாங்கினார்கள், கம்பெனிகள் லாபத்தில் பங்காகத் தரும் டிவிடெண்டும் வந்தது. இருந்தாலும், மொத்தப் பணத்தையும் ஒரே நாட்டின் சந்தையில் வைப்பவர்கள் இந்தக் கதையை மறக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

அப்புறம் கடன். விரலுக்கேற்ற வீக்கம் என்பது வேறெங்கும்விட இங்கே பொருந்தும். 1998-ல் லாங் டெர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட் என்ற அமெரிக்க நிதியம் கவிழ்ந்தது. அதன் பங்குதாரர்களில் இருவர், ராபர்ட் மெர்ட்டனும் மைரன் ஷோல்ஸும், அதற்கு முந்தைய ஆண்டுதான் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றிருந்தார்கள். சொந்தப் பணத்தைப்போல் 25 மடங்குக்கு மேல் முதலீடு வைத்திருந்தார்கள், பெரும்பாலும் கடனில். ரஷ்யா தன் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த சில வாரங்களிலேயே எல்லாம் கரைந்தது. பெரிய நிதி நிறுவனங்கள் சுமார் 360 கோடி டாலர் போட்டு அதை எடுத்துக்கொண்டன, அவசரப்படாமல் அந்த முதலீடுகளைக் கரைத்து, போட்ட பணத்தையும் திரும்ப எடுத்தன. அதே முதலீடுகள்தான். முன்னவர்களுக்குக் காத்திருக்க வழியில்லை, பின்னவர்களுக்கு இருந்தது.

சித்தி மகனுக்கு அந்த ஆண்டு ஃபீஸ் கட்டிய பிறகு ஒரு நாள் உட்கார்ந்து பணத்தைப் பிரித்தோம். ஆறு மாதச் செலவு வங்கியில். ஐந்து ஆண்டுக்குள் தேதியோடு வரப்போகும் செலவுகள் டெபாசிட்டிலும் குறுகிய காலக் கடன் பத்திரங்களிலும். அதற்கு அப்பால் உள்ளது மட்டும் பங்கில், அதுவும் இரண்டு மூன்று நாடுகளின் குறியீடுகளில். ஆண்டுக்கு ஒரு முறை, அவன் பிறந்த நாளன்று, விகிதத்தைப் பார்ப்பது: பங்கு அதிகம் ஏறியிருந்தால் கொஞ்சம் விற்று டெபாசிட்டுக்கு, விழுந்திருந்தால் அங்கிருந்து கொஞ்சம் இங்கே. தேதி நெருங்கும் செலவை அதற்கு ஐந்து ஆண்டு முன்பிருந்தே சிறிது சிறிதாகப் பங்கிலிருந்து இறக்கிவிடுவது. ஓய்வுபெறப் போகிறவர்களுக்கும் இந்தக் கடைசி வேலை மிக முக்கியம். சம்பளம் நின்ற முதல் சில ஆண்டுகளில் பெரிய வீழ்ச்சி வந்து, அந்த விலையில் விற்றுச் சாப்பிட நேர்ந்தால், பின்னால் சந்தை எவ்வளவு ஏறினாலும் விற்றுப்போன யூனிட்டுகள் திரும்பி வராது.

இதனால் எல்லாம் பங்கில் இருந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய லாபத்தில் ஒரு பகுதியை அவன் விட்டுக்கொடுத்திருக்கிறான். முதலில் அது அவனுக்கு உறுத்தியது, 2021-ல் இரண்டு முறை கேட்டான். 2022-ல் பங்குகளும் கடன் பத்திரங்களும் சேர்ந்தே இறங்கியபோது பேச்சு வரவில்லை.

2025 ஏப்ரலில் சந்தை சரிந்த வாரத்தில் அவனிடமிருந்து போன் வரும் என்று இரண்டு நாள் எதிர்பார்த்தேன். வரவில்லை. மூன்றாம் நாள் நானே கூப்பிட்டேன். சந்தையைப் பார்த்தாயா என்று கேட்டதற்கு, "நியூஸ்ல சொன்னாங்க" என்றான். "சின்னவளோட ஃபீஸ் போன வருஷமே டெபாசிட்டுக்குப் போயிடுச்சுண்ணா. என் பிறந்த நாளுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு." பிறகு வேறு ஏதோ பேச ஆரம்பித்தான்.